மெரினாவில் ஓட்டம், பத்து மணிக்குக் கேஷ் கவுண்டர்

கேள்வி (ஜனவரி 11, 2025, இரவு): “எனக்குப் பெருங்குடியில் ஐடி வேலை, மயிலாப்பூரில் அறை. சுத்தமான கடல் காற்று கிடைக்கும் என்று காலை நாலரைக்கு எழுந்து கலங்கரை விளக்கத்திலிருந்து ஓட ஆரம்பித்தேன். மதியம் மூன்று மணி மீட்டிங்கில் கண் சொருகுகிறது, மேனேஜரும் கவனித்துவிட்டார். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே கடலோரமாகப் போகும் லூப் ரோட்டுப் பக்கம் போனால் வலையும் மீன் கூடையும் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, அது வேறு எரிச்சல். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை ஓட்டம் ஒத்துவராது, மாலைதான் சரி என்று முடிவு செய்திருக்கிறேன். மாற்றுக் கருத்து உண்டா?”

ஜனவரி 12, ஞாயிறு, காலை 9.10

உண்டு. முதலில் ஒன்று சொல்லுங்கள் தம்பி, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? எழுந்த நேரத்தை எழுதினீர்கள், படுத்த நேரம் இல்லையே.

நான் வங்கியில் கேஷியர். வீடு திருவல்லிக்கேணி. மகள் பள்ளியில் படித்த காலத்தில் ஓட ஆரம்பித்தேன், அவள் இப்போது வேலைக்கே போகிறாள். பத்து மணிக்குக் கவுண்டர் திறந்தால் நாலு மணி வரை பணம் எண்ணுகிற வேலை. ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று கூடுதலாகக் கை மாறிவிட்டால் சாயந்திரம் கணக்கு இடிக்கும், அந்தக் குறையைக் கேஷியர்தான் கட்ட வேண்டும். கண் சொருகினால் கைக்காசு போகிற வேலை இது. அதில் இருந்துகொண்டே சொல்கிறேன், ஓடின நாட்களில் என் கணக்கு சீக்கிரம் சேர்கிறது. ஓடாத நாட்களில்தான் பதினொன்றரைக்கே தோள் இறுகி, வருகிறவர்களிடம் குரல் ஏறுகிறது.

அப்புறம் அந்தக் கடல் காற்று. விடியற்காலையில் மெரினாவில் வீசுவது பெரும்பாலும் கடலிலிருந்து வருவதில்லை. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் அந்த நேரத்தில் காற்று ஊருக்குள்ளிருந்து கடலைப் பார்த்துப் போகும், கரைக்காற்று என்பது அதுதான். கோடையில் உண்மையான கடல் காற்று கரையேற நண்பகல் ஆகிவிடும், சில நாள் அதற்கும் மேலே. ஐந்தரை மணிக்கு நீங்கள் மூச்சில் இழுப்பது ராயப்பேட்டையும் மயிலாப்பூரும் இரவெல்லாம் விட்ட காற்றை. இதனால் மெரினா வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்த வேளையில் காமராஜர் சாலையில் வண்டி குறைவு, நடைபாதை சமமாக இருக்கும், உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் 3 கிலோமீட்டர் சிக்னல் இல்லாமல் ஓடலாம். எனக்கு அது போதுமான காரணம்.

ஜனவரி 12, இரவு 8.40

தம்பி பதில் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்குப் படுக்கிறாராம்.

பன்னிரண்டிலிருந்து நாலரை வரை என்றால் நாலரை மணி நேரம். இதில் ஓட்டத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, தூங்கினால்தான் அது குறையும். காபி அதைக் குறைப்பதில்லை, அடினோசின் வேலை செய்யும் இடத்தில் கொஞ்ச நேரம் குறுக்கே நிற்கிறது. மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது என்று நாலு மணிக்குக் காபி குடித்தால் அதில் ஏறத்தாழ பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும். பதினோரு மணிக்கு வரவேண்டிய தூக்கம் பன்னிரண்டுக்குப் போகும். மறுநாள் மறுபடி மூன்று மணி, மறுபடி காபி.

நன்றாகத் தூங்கினவர்களுக்கும் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் உடம்பு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எங்கள் கிளையில் வாழ்நாளில் ஓடியே இராதவர்களும் அந்த நேரத்தில் கொட்டாவி விடுகிறார்கள்.

மாலை ஓட்டத்துக்கு நான் எதிரி இல்லை. கடல் காற்று வேண்டுமென்றால் அது மாலையில்தான் நிஜமாகக் கிடைக்கும். ஆனால் பெருங்குடியிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள்? எட்டு மணிக்கு மெரினாவில் பஜ்ஜிக் கடைக் கூட்டத்துக்கு நடுவில் ஓட முடியுமா? மாலையில் ஓடுவேன் என்று சொன்ன என் சக ஊழியர்களுக்கு ஒவ்வொரு மாலையும் ஏதாவது ஒரு வேலை வந்துவிட்டது. விடிகாலையை நம்மிடமிருந்து யாரும் கேட்டு வாங்குவதில்லை. நாலரையை விடாதீர்கள், பன்னிரண்டை விடுங்கள்.

ஜனவரி 13, காலை 7.00

இன்று போகி, ஓடவில்லை. நேற்று சொன்ன கரைக்காற்று இன்று கண்ணுக்கே தெரிந்தது. தெருத்தெருவாக எரித்த பாய், டயர்ப் புகை முழுக்கக் கிழக்கே போய்க் கடற்கரை மேல் படிந்து கிடந்தது. மாடியிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் தெரியவில்லை. வருஷத்தில் இந்த ஒரு நாள் வீட்டுக்குள் இருங்கள். மூச்சு வாங்க ஓடும்போது நுரையீரலுக்குள் போகும் காற்று சும்மா உட்கார்ந்திருக்கும்போது போவதைப் போலப் பல மடங்கு. அதோடு சேர்ந்து புகையும் போகும்.

ஜனவரி 17, வெள்ளி, காலை 6.50

நேற்றுக் காணும் பொங்கல். அரசு அலுவலகங்களுக்கு இன்றும் விடுமுறை, வங்கிக்கு இல்லை. ஐந்தரைக்குப் போனேன்.

கரும்புச் சக்கை, காகிதத் தட்டு, தண்ணீர் பாட்டில், குழந்தைச் செருப்பு. மணல் முழுக்க அதுதான். தூய்மைப் பணியாளர்கள் நேற்று இரவே ஆரம்பித்துவிட்டார்கள், இன்னும் முடியவில்லை. மணலைச் சலிக்கும் வண்டி இருக்கிறது, ஆனால் கடைகளுக்கு இடையிலும் தடுப்புக் கட்டைகளுக்குக் கீழும் அது போகாது. அங்கெல்லாம் குனிந்து கையால்தான் பொறுக்குகிறார்கள். ஒரு அம்மாவின் சாக்கில் உடைந்த கண்ணாடி வளையல்கள் மட்டும் தனியாக ஒரு பையில் இருந்தன. ஏன் என்று கேட்டேன். “காலையில செருப்பில்லாம ஓடுறவங்க வருவாங்கல்ல” என்றார்.

நாம் “நாள் ஆரம்பிப்பதற்கு முன்னால்” ஓடுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த நேரத்தில் அவர்களுக்கு நாள் பாதி முடிந்திருக்கிறது. இதைப் பற்றி எழுத இன்னும் இருக்கிறது, இப்போது குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு, மதியம்

தம்பி எழுதியிருக்கிறார்: பதினொன்றுக்குப் படுக்க ஆரம்பித்தாராம், மீட்டிங் பரவாயில்லையாம், ஆனால் நாலு மணிக்குத் தலைவலி வருகிறதாம். ஓடி முடித்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு டீ, அப்புறம் அலுவலகத்தில் பத்தரைக்குப் பொங்கல்.

சென்னைக் காலையில் வெயில் இல்லாவிட்டாலும் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் வழிந்து போகிறது, அதனால் உடம்பு இன்னும் அதிகமாக வியர்க்கிறது. எவ்வளவு போயிற்று என்று தெரிந்துகொள்ள எடை மெஷின் போதும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வையோடு கிட்டத்தட்ட ஒரு கிராம் சோடியமும் போகும், சிலருக்குக் கூடவும் போகும். இதை ஒரு டீயால் ஈடுகட்ட முடியாது. அப்புறம் ஏசி அறை. அங்கே தாகமே தெரியாது, நாலு மணிக்குத் தலைவலி வந்து சொல்லும்.

நான் செய்வது: முந்தைய இரவுச் சோற்றில் ஊற்றி வைத்த நீராகாரம், கல்லுப்பு, இரண்டு சின்ன வெங்காயம். கோடையில் மோரும் சேரும். ஐஸ் ஹவுஸ் பக்கம் கூழ் வண்டி நிற்கிற நாட்களில் கேழ்வரகுக் கூழ். கடற்கரையில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கிறார்கள். பிடித்தால் குடியுங்கள், ஆனால் ஓடினவருக்கு வேண்டிய உப்பும் மாவுச்சத்தும் அதில் அதிகம் கிடையாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20

ஈர மணலில் ஓடலாமா என்று ஒருவர். ஓடலாம், கடல் வற்றின நேரமாகப் பார்த்து. ஏற்றமும் வற்றமும் ஒரு நாளில் இரண்டு தடவை, ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். அதனால் திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கெட்டியாகக் கிடந்த மணல் சனிக்கிழமை அதே நேரம் தண்ணீருக்குள் இருக்கும். மெரினாவில் கரை சரிவு. ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் தாழ்வாகவே விழுந்துகொண்டிருக்கும், முழங்கால் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். போன தூரம் அதே கரையிலேயே திரும்பி வாருங்கள். வியர்வையைக் கழுவலாம் என்று தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். மெரினா கரையிலிருந்து கொஞ்சத்திலேயே ஆழமாகிவிடும், இழுப்பும் அதிகம். நீச்சல் தெரிந்த பையன்களே போயிருக்கிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம், காமராஜர் சாலை மூடியிருக்கிறது. காந்தி சிலை பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் அணிவகுப்பு இப்போதெல்லாம் உழைப்பாளர் சிலை அருகில் நடக்கிறது. சாலையை விட்டுவிட்டு மணல் வழியாகவே தெற்கே போனேன்.

போயிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பங்குனி ஆமை, ஒன்றன்பின் ஒன்றாக, செத்து ஒதுங்கிக் கிடந்தது. இந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியிருக்கின்றன, பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போயிருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இவை முட்டையிடக் கரையைத் தேடி வரும் காலம். மீனைப் போல அது தண்ணீரிலேயே மூச்சுவிட முடியாது, மேலே வந்துதான் ஆக வேண்டும். இழுவை வலையில் மாட்டி வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் சாகும். அது தப்பித்துப் போக வலையில் ஒரு வழி வைக்கும் சாதனம் இருக்கிறது, எல்லா விசைப்படகுகளும் அதைப் போடுவதில்லை. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் 1988-லிருந்து மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். விடிகாலையில் மணலில் இரண்டு பக்கமும் துடுப்பு வைத்தாற்போல் தடம் தெரிந்தால் அதன் மேல் ஓடாதீர்கள், அவர்கள் அதைப் பார்த்துத்தான் முட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஓட்டத்தைப் பற்றி ஆரம்பித்து எங்கோ வந்துவிட்டேன். ஆனால் கண்ணில் பட்டதைத் தாண்டி ஓட முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு, மாலை

தம்பி முதல் நாள் எழுதின ஒரு வரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வலையும் மீன் கூடையும் வழியை அடைக்கின்றன என்ற வரி. மூன்று பேர் அதை ஆமோதித்திருக்கிறார்கள், ஒருவர் “நாற்றம்” என்றும் எழுதிவிட்டார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லூப் ரோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டுமிங்குப்பம் வீடுகள். மறுபக்கம் படகும் கடலும். மீனவரின் வீட்டுக்கும் படகுக்கும் நடுவில் இருந்த இடத்தில் சாலை வந்திருக்கிறது. வலை காயப் போட, வலை பழுது பார்க்க, மீன் பிரிக்க, விற்க அவர்களுக்கு இருந்தது அந்த இடம்தான். ஃபைபர் படகு விடியும் முன்பே போய்க் காலையில் திரும்பும். மீன் கரையில் இறங்குவதும் வலையிலிருந்து கழற்றுவதும் நாம் ஓடுகிற நேரத்தில்தான் நடக்க முடியும். தள்ளிப் போட்டால் மீன் கெட்டுவிடும். நமக்கு அரை மணி நேரம் தள்ளி ஓடினால் என்ன கெடும்?

2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் லூப் ரோட்டு மீன் கடைகளைப் பற்றித் தானாக வழக்கு எடுத்தது, மாநகராட்சி அகற்றியது, மீனவர்கள் படகையும் வலையையும் ரோட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புது மீன் அங்காடி திறந்தார்கள். அப்புறமும் வலை எங்கே காய்வது? அங்காடிக்குள்ளா? இதற்கு முந்தைய கதையும் உண்டு. 1985-ல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களை அகற்றப் போய், மோதலாகி, போலீஸ் சுட்டதில் மீனவர்கள் இறந்தார்கள். இந்தக் குப்பங்களில் பெரியவர்கள் அந்த வருஷத்தை இன்னும் சொல்வார்கள். நாம் ஷூ போட்டுக்கொண்டு வந்து “வழி விடுங்கள்” என்று சொல்லும்போது அவர்கள் காதில் அதெல்லாமும் சேர்ந்துதான் விழும்.

மணலே இப்படிப் பரந்து கிடப்பதும் இயற்கையாக வந்ததில்லை. இந்தக் கரையோரம் அலையும் நீரோட்டமும் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்ததும் அது தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் சேர்ந்தது, மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது, கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். நாம் ஓடுகிற மணல் வடசென்னை மீனவருக்குச் சேர வேண்டிய மணல்.

ஆகவே லூப் ரோட்டில் ஓடும்போது நான் பழக்கமாக்கிக்கொண்டவை இவை. வலை கிடந்தால் சுற்றிப் போவேன், தாண்ட மாட்டேன், மிதிக்கவே மாட்டேன். ஷூ முள் ஒரு கண்ணியை இழுத்தால் ஒருவருக்கு ஒரு மணி நேர வேலை. காதில் பாட்டுப் போட மாட்டேன், “தள்ளு தள்ளு” என்று படகு இழுக்கிற குரல் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் படம் எடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 3

நேற்று எழுதினதைத் திரும்பப் படித்தேன். ஓடுகிறவர்களுக்கு உரிமையே இல்லை என்று படுகிறதோ என்று யோசித்தேன். அப்படி இல்லை. எனக்கும் அந்தக் கரை வேண்டும், மனசார வேண்டும். எனக்குக் கோபம் வருவது ஓடுகிறவர் மேல் இல்லை, அங்கே எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார்களின் மேல். வலைக்கும் எனக்கும் இடம் போதும். காருக்கும் சேர்த்து இடம் கேட்கும்போதுதான் வலையைக் குறை சொல்கிறோம்.

“நாற்றம்” என்று எழுதியவருக்கு: புதிதாகப் பிடித்த மீன் நாறாது. போய் நின்று பாருங்கள்.

பிப்ரவரி 15, சனி, இரவு 9.30

மூன்றாவது சனி, வங்கி உண்டு. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறும் சமயம் வேறு. பத்து மணிக்கு ஷட்டர் தூக்கும்போதே வாசலில் வரிசை. அதில் பாதிப் பேருக்கு வேண்டியது பணம்கூட இல்லை, பாஸ்புக்கில் அந்த ஒரு வரி அச்சாகி வர வேண்டும். பிரிண்டர் பதினொன்றுக்குப் படுத்துவிட்டது.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு அம்மா வரிசையில் நகர்ந்து கவுண்டருக்கு வந்தார். சுய உதவிக் குழுத் தவணை கட்ட. கையில் பத்தும் இருபதும் ஐம்பதுமாக ஒரு சுருட்டு, எல்லாம் ஈரம். நோட்டு எண்ணுகிற மெஷின் ஈரத் தாளை எடுக்காது, இரண்டு இரண்டாக இழுத்து நின்றுவிடும். கையால் பிரித்து எண்ண ஆரம்பித்தேன். பின்னால் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதெல்லாம் வாங்காதீங்க மேடம், காயவெச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்றார்.

வாங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அழுக்கு நோட்டை எந்த வங்கிக் கிளையும் வாங்கித்தான் ஆக வேண்டும். மாற்றிக் கேட்டாலும் ஒரு நாளைக்கு 20 தாள், 5,000 ரூபாய் வரை இலவசமாகவே மாற்றித் தர வேண்டும், அங்கே கணக்கு இல்லாதவருக்கும். ரிசர்வ் வங்கி விதி. அதை அவரிடம் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்.

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். “காலைல வேர்த்து வடிஞ்சிக்கினு ஓடுதே, அந்தப் பொண்ணா நீ? கண்ணாடிக்குள்ள சேலை கட்டிக்கினு உக்காந்தா அடையாளமே தெர்ல” என்றார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. விடிகாலையில் லூப் ரோட்டில் தெருவிளக்குக் கீழ் சங்கரா மீன் பிரித்துக்கொண்டிருப்பவர். அதற்கு முன்னால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஏலத்துக்குப் போய்விட்டு வந்தவர். அவர் எழுந்த நேரத்துக்கு நான் இன்னும் தூக்கத்தில் இருந்திருப்பேன். வரிசையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார், வந்ததிலிருந்து உட்காரவில்லை.

இனி குழுத் தவணைக்கு வருகிறவர்கள் இரண்டு மணிக்கு மேல் வந்தால் வரிசை இருக்காது என்று சொல்லி அனுப்பினேன். மேனேஜரிடம் பேசி, மீன் விற்கிற அம்மாக்களின் குழுக்களுக்கு ஒரு மதியம் ஒதுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார்.

பிப்ரவரி 16

காலையில் அந்த அம்மா கையைத் தூக்கிக் காட்டினார். ரசீது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன், இடுப்புச் சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினார்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு பெண்கள் ஒரே மாதிரி கேட்டிருக்கிறார்கள்: ஐந்து மணி இருட்டில் தனியாகப் பயமாக இல்லையா?

இருட்டில் மணலுக்குள் போக மாட்டேன், அவ்வளவு எச்சரிக்கை எனக்குண்டு. வெளிச்சம் வரும் வரை சாலையை ஒட்டின நடைபாதைதான். ஆனால் கேட்டதற்கு முழுப் பதில் வேறு. அந்த நேரத்தில் மெரினாவில் எனக்குத் தைரியம் தருவது போலீஸ் ஜீப் மட்டும் இல்லை. குப்பை பொறுக்குகிற அம்மா, பூ கட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்கிறவர், மீன்கார அம்மாக்கள், டீக்கடை. வேலை செய்கிற பெண்கள் இருக்கிற இடத்தில் ஓடுங்கள். லூப் ரோட்டிலிருந்து அவர்களை எடுத்துவிட்டால் அது அகலமாகவும் சுத்தமாகவும் இருக்கலாம், ஐந்து மணிக்கு அங்கே நான் தனியாக ஓட மாட்டேன். பிப்ரவரி 2 குறிப்பில் இதையும் எழுதியிருக்க வேண்டும், இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை பற்றியும் கேட்டிருந்தார்கள். வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவதுதான் ஒரே வழி. ஒரு மாநகரத்தின் பெருமை என்று சொல்கிற கடற்கரையில் பெண்ணுக்கு இந்தப் பதிலைத் தர வேண்டியிருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வீட்டு வேலை? நான் ஓடும்போது இட்லி ஊற்றி வைப்பது என் மாமியார். எழுபத்தைந்து வயது. “நீ ஓடிட்டு வா, திட்டுறது குறையுது” என்பார்.

மார்ச் 24, திங்கள்

நேற்றுச் சேப்பாக்கத்தில் சென்னை, மும்பை ஆட்டம். எங்கள் தெருவில் பதினொன்றரை வரை ஹார்ன். நாலரைக்கு அலாரம் அடித்ததும் அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் போதாத அன்று ஓடுவதைவிடத் தூங்குவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பி அதற்குள் ஓடிவிட்டு வந்து பெருமையாக எழுதியிருக்கிறார். வேண்டாம் தம்பி. மூன்று மணி மீட்டிங் இன்றும் இருக்கும்.

ஏப்ரல் 2, புதன், இரவு

கணக்கு முடிக்கும் வாரம். 31-ஆம் தேதி ரம்ஜான், ஆனால் அரசுக் கணக்கு வரவு செலவுக்காக எங்களைத் திறந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். வாலாஜா பள்ளிவாசலில் தொழுகை முடிந்து புதுச் சட்டையோடு வந்த கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நான் வேலைக்குப் போனேன். எங்கள் கிளையில் பண்டிகைக்காரரான சக ஊழியரும் தொழுதுவிட்டு நேராக வந்து உட்கார்ந்தார், ஒரு டப்பா நிறைய ஷீர் குருமாவோடு. இரவு எட்டரைக்குக் கதவு சாத்தினோம். முதல் தேதி வாடிக்கையாளர்களுக்கு விடுமுறை, எங்களுக்கு இல்லை.

இந்த வாரம் ஓட்டம் இல்லை, நடைதான். வேலை அதிகமாகிற வாரத்தில் தூரத்தைக் குறைத்துவிடுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள். அதே நாலரை, அதே செருப்பு, இருபது நிமிஷ நடை. உடம்புக்குப் பழகின நேரம் கலையாமல் இருந்தால் அடுத்த வாரம் திரும்பவும் ஓட்டம் வந்துவிடும். நேரத்தை விட்டவர்கள் திரும்பி வர மாசக் கணக்காகிறது.

குழுக்களுக்கு மதியம் ஒதுக்கும் விஷயம் நடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இரண்டரையிலிருந்து. பலகை எழுதி வைக்கவில்லை, வாய்வழியாகத்தான், ஆனால் வருகிறார்கள். உட்கார நாற்காலியும் போட்டிருக்கிறோம்.

ஏப்ரல் 16, புதன், காலை 7.15

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகளுக்குத்தான் தடை, நொச்சிக்குப்பம் ஃபைபர் படகுகள் போகும். காசிமேட்டில் வரத்து குறைவதால் லூப் ரோட்டில் காலையில் வாங்க வருகிற கூட்டம் கூடும். அதாவது, தம்பி, வழி இன்னும் குறுகும். ஆறரைக்கு மேல் அந்தப் பக்கம் போகாமல் கலங்கரை விளக்கத்திலேயே திரும்பிவிடுங்கள். அவர்களுக்கு நல்ல விலை கிடைக்கிற இரண்டு மாதம் இது.

கோடைக்கு என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டீர்கள். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் வந்தது, மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே வந்துவிடும். கிழக்கே கடல், நிழல் தர ஒரு மரம்கூட நடுவில் இல்லை. மேலே வந்த பத்தாவது நிமிஷமே சுடும். ஐந்துக்கு ஆரம்பித்து ஆறுக்கு முடித்துவிடுங்கள். வேகத்தைப் பார்க்காதீர்கள், பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் நான் பாதித் தூரத்தோடு நிறுத்துகிறேன். தலை சுற்றல், வியர்வை நின்று போவது, பேச்சுக் குழறுவது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் அங்கேயே உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். அந்த நேரத்தில் அங்கே தண்ணீர் வைத்திருப்பவர்கள் மீன்கார அம்மாக்கள்தான், கேட்டால் குடத்தோடு தருவார்கள்.

இன்று வஞ்சிரம் இல்லை, கானாங்கெளுத்தி வாங்கினேன். குளிக்கப் போகிறேன், பத்து மணிக்குக் கவுண்டர்.